சிம்ப்சன்ஸ் இரண்டாவது திரைப்படம்: நம்பிக் காத்திருக்கலாமா?

நெய்தல்நிலவன் (திரியைத் தொடங்கியவர்):

‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்க அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடரை வைத்து 2007-இல் வந்த திரைப்படத்தின் முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது, தொடர் முழுவதும் வாயில் சூப்பானோடு பேசாமலேயே வளையவரும் கைக்குழந்தை மேகி, ‘சீக்வல்?’ (அடுத்த பாகம் உண்டா?) என்று ஒரே ஒரு சொல்லைச் சொல்லுவாள். அந்தக் குழந்தைக்கு விடை கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாவது படம் 2027-இல் திரையரங்குகளுக்கு வரும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். கதை என்னவென்று தெரியாத நிலையிலேயே என் நண்பர்களில் பாதிப் பேர் ‘எதற்கு இது?’ என்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இருக்கிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டில் ஸ்டார் வேர்ல்ட் அலைவரிசையில்தான் இந்தத் தொடரை முதலில் பார்த்தேன். பாதி நகைச்சுவை அப்போது புரியவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தின் வரவுசெலவுக் கவலையும், அப்பாவின் அசட்டுத்தனத்தை அம்மா பொறுத்துக்கொள்ளும் விதமும் எனக்கு நன்றாகவே புரிந்தன. படம் வந்தபோது, தொலைக்காட்சியில் இலவசமாகக் கிடைப்பதற்கு யாராவது காசு கொடுப்பார்களா என்ற கேள்வியைப் படத்தின் தொடக்கத்தில் அந்த அப்பா ஹோமரே கேட்டுவிடுவார். அந்தக் கேள்விக்குப் படம் நேர்மையாக ஒரு பதிலும் கொடுத்தது என்பதே என் எண்ணம்.

அந்தப் பதில் அலாஸ்காக் குடிலில் வரும் காட்சி. ஹோமர் ஏரியில் கொட்டிய கழிவால், அவர்கள் வாழும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரையே கண்ணாடிக் கூண்டு போட்டு மூடிவிடுகிறார்கள். ஊரே திரண்டு வந்து வீட்டைத் தாக்குகிறது. அந்த ஆபத்திலும் அவர் மனைவி மார்ஜ் திரும்பிப் போய்த் தங்கள் திருமண வீடியோவை எடுத்து வருகிறாள். பிறகு அலாஸ்காவில், ஊரைக் காப்பாற்ற வர மறுக்கும் கணவனை விட்டுப் பிள்ளைகளோடு கிளம்பும்போது, தான் போவதற்கான காரணத்தைச் சொல்லும் செய்தியை அதே நாடாவின் மீது பதிவு செய்துவிட்டுப் போகிறாள். எதைக் காப்பாற்றினாளோ அதையே அழித்துத் தன் முடிவு உறுதியானது என்று காட்டுகிறாள். அவள் பேசி முடித்ததும், அழியாமல் மிஞ்சிய திருமண நாள் நடனம் திரையில் ஓடுகிறது. ஹோமர் தனியாக உட்கார்ந்து அதைப் பார்க்கிறார். இருபத்திரண்டு நிமிட அத்தியாயத்தில் இந்தக் காட்சிக்கு மூச்சுவிட இடம் இருந்திருக்காது. இப்படி ஒரு காட்சி இரண்டாவது படத்திலும் அமைந்தால் எனக்குப் போதும். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

செங்கோட்டை வாசகன்:

நண்பர் நிலவன் அந்த நாடாக் காட்சியை எடுத்துச் சொன்ன விதத்தில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் அதே காட்சியை வைத்துத்தான் நான் இரண்டாவது படத்தை வேண்டாம் என்பேன்.

மார்ஜ் ஹோமரை விட்டுப் போனாள், திரும்பி வந்தாள். சரி, அதன் பிறகு என்ன ஆயிற்று? அடுத்த சீசனில் பழைய குருடி கதவைத் திறடி என்றபடி அதே சோபா, அதே மதுக்கடை, அதே நான்காம் வகுப்பு. 1989 டிசம்பரில் அரைமணி நேரத் தொடராகத் தொடங்கியபோது மகன் பார்ட்டுக்குப் பத்து வயது, இன்றும் அவனுக்குப் பத்து வயதுதான். எதுவும் இழக்கப்படாது, எவரும் வளரமாட்டார்கள் என்பது இந்தத் தொடரின் இலக்கணம். அந்த இலக்கணம் தொலைக்காட்சிக்கு மிகவும் பொருந்தியது, அதனால்தான் இத்தனை ஆண்டுகள் ஓடுகிறது. திரைப்படத்துக்கோ ஏதாவது ஒன்று திரும்பாத வகையில் மாற வேண்டும். முதல் படம் முப்பது ஆண்டுக்கும் மேலான ஓட்டத்தின் நடுவில் வந்ததால், ‘ஒருவேளை மாறிவிடுமோ’ என்ற சந்தேகத்தை ஒருமுறை நமக்குள் எழுப்ப முடிந்தது. அந்தச் சீட்டை ஒருமுறைதான் இறக்க முடியும்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லவே எனக்கு வருத்தமாக இருக்கிறது. முதல் படத்தின் திரைக்கதையைப் பதினோரு பேர் எழுதினார்கள். ஜேம்ஸ் எல். புரூக்ஸ், மாட் கிரேனிங், ஜார்ஜ் மேயர், தொடரில் 59 அத்தியாயங்களை எழுதிய ஜான் சுவார்ட்ஸ்வெல்டர் என்று 1990-களின் பொற்காலத்தைக் கட்டியவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கிரேனிங், புரூக்ஸ் ஆகியோரோடு தொடரை உருவாக்கிய சாம் சைமன் 2015-இல் மறைந்துவிட்டார். தொடருக்குப் பல ஆண்டுகள் பின்னணி இசை தந்த ஆல்ஃப் கிளாசன் 2025-இல் காலமானார். ஆசிரியை எட்னாவுக்குக் குரல் கொடுத்த மார்சியா வாலஸ் 2013-இலேயே போய்விட்டார். இப்போது பார்ட்டின் நண்பன் மில்ஹவுஸுக்குக் குரல் கொடுத்துவந்த பமீலா ஹெய்டனும் 2024-இல் ஓய்வு பெற்றுவிட்டார். மார்ஜின் குரலான ஜூலி கேவ்னர் பிறந்தது 1950-இல். அண்மைய அத்தியாயங்களில் மார்ஜ் பேசும்போது நான் கதையைக் கவனிப்பதில்லை. அந்த அம்மையார் எவ்வளவு சிரமப்பட்டுப் பேசுகிறார் என்பதைத்தான் கவனிக்கிறேன். அவரை மீண்டும் ஒலிப்பதிவுக் கூடத்தில் நிறுத்தி, தொண்ணூறு நிமிடப் படத்தின் உணர்ச்சியை அந்தக் குரல்மேல் ஏற்றி வைப்பது சரிதானா என்று கேட்கிறேன்.

தேன்மொழி:

வாசகன் ஐயா, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது தொடரை எப்போது பார்ப்பதை நிறுத்தினீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய ரசிகர்கள் பலர் பத்தாவது சீசனோடு எழுந்து போய்விட்டார்கள். அதன் பிறகு கேள்விப்பட்டதை வைத்தே பேசுகிறார்கள். நான் 2000-க்குப் பிறகு பிறந்தவள். எனக்குப் பழைய சீசன்களும் புதிய சீசன்களும் ஒரே நேரத்தில், ஒரே திரையில்தான் கிடைத்தன.

‘எதுவும் இழக்கப்படாது’ என்றீர்கள். 2024 ஏப்ரலில் வந்த ஓர் அத்தியாயத்தில் லாரி இறந்துவிடுகிறார். யார் லாரி என்று கேட்பீர்கள். 1989-இல் வந்த முதல் அத்தியாயத்திலிருந்தே மோவின் மதுக்கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்தவர், வாய் திறந்து பேசியதே அபூர்வம். அவர் இறந்த பிறகுதான், இத்தனை ஆண்டுகளாகப் பக்கத்து இருக்கையில் இருந்த மனிதரைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று ஹோமரும் கடைக்காரர் மோவும் நண்பர்கள் லென்னியும் கார்லும் உணர்கிறார்கள். அஸ்திக் கலசத்தை எடுத்துக்கொண்டு பயணம் போகிறார்கள். அவர் திரும்பி வரப்போவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக நாம் எல்லாரும் திரையில் பார்த்தும் பாராத ஒருவரின் சாவை வைத்து, பார்வையாளரின் மனச்சாட்சியையே தொட முடிந்தது இதே எழுத்தாளர்களால்தான்.

அதே ஆண்டு செப்டம்பரில், தொடரின் கடைசி அத்தியாயம் போலவே ஒன்றை உருவாக்கினார்கள். அதில் ஊரில் ஒவ்வொருவரின் கதையும் வரிசையாக முடிவுக்கு வரும். பார்ட் மட்டும் பதினோராவது பிறந்தநாளை ஏற்க மறுத்துத் தவிப்பான். நீங்கள் குறையாகச் சொன்ன அந்த ‘வளராமை’யையே கதைப்பொருளாக எடுத்துக்கொண்டார்கள். 2021 முதல் பெரும்பாலான அத்தியாயங்களுக்குப் பொறுப்பேற்று நடத்தும் மாட் செல்மன், முதல் படத்தின் பதினோரு எழுத்தாளர்களில் ஒருவர். ஆக, பழைய அடுப்பின் நெருப்பு அணைந்துவிடவில்லை.

குரல் பற்றி நீங்கள் எழுதியதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. எனக்கும் அது வலிக்கிறது.

செங்கோட்டை வாசகன்:

தேன்மொழி, நான் நிறுத்தியது பன்னிரண்டாவது சீசனில். நீங்கள் கணித்தது ஏறக்குறைய சரிதான், எனவே லாரியின் அத்தியாயத்தை இந்த வாரமே பார்க்கிறேன்.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். லாரி சாக முடிந்ததற்குக் காரணம், அவர் யாருக்கும் வேண்டாதவராக ஓரத்தில் இருந்ததுதான். மார்ஜ் விஷயத்தில் நடந்ததை நீங்களும் அறிவீர்கள். 2025 மே மாதம் 36-ஆவது சீசனின் இறுதி அத்தியாயத்தில், பல ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் எதிர்காலக் காட்சியில் மார்ஜ் இறந்துவிட்டதாகக் காட்டினார்கள். இணையம் முழுவதும் கூக்குரல் எழுந்தது. எதிர்காலக் காட்சிகள் எல்லாமே கற்பனைதான், அவை நிலையானவை அல்ல என்று செல்மனே விளக்கம் தரவேண்டியதாயிற்று. ஓர் அத்தியாயத்தின் கனவுக் காட்சிக்கே இந்த நிலை என்றால், பெரும் முதலீட்டில் எடுக்கப்படும் படத்தில் எதையாவது மாற்ற டிஸ்னி இடம்கொடுக்கும் என்று எப்படி நம்புவது? அந்நிறுவனம் 2019-இல் ஃபாக்ஸை வாங்கியபோது கூடவே வந்து சேர்ந்த சொத்துதான் இந்தத் தொடர். 40-ஆவது சீசன் வரை ஒப்பந்தமும் போட்டுவிட்டார்கள். படம் முடிந்த மறுவாரமே தொடர் ஓடியாக வேண்டும்.

கோட்டோவியன்:

நான் சென்னையில் அசைவூட்டக் கலைஞராகப் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். கதையைப் பற்றி நீங்கள் இருவரும் நன்றாகப் பேசுகிறீர்கள். வரைகலையைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

ஹோமரை வரைவது எளிது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். எங்கள் நிறுவனத்தில் புதிதாகச் சேருபவர்களை ஹோமரின் தலையை நினைவிலிருந்து வரையச் சொல்லுவேன். பத்தில் ஒன்பது பேர் தோற்றுவிடுவார்கள். கண் இரண்டும் முழு உருண்டை; மூக்கு அந்த உருண்டைக்குக் கீழே ஒட்டிய சிறு உருளை; மேலுதடு தூக்கி நிற்கும்; காதுக்கு மேலே தலைமுடி ஆங்கில ‘எம்’ எழுத்தைப் போல நிற்கும்; காதும் தொடக்கத்தில் ‘ஜி’ எழுத்தைப் போல வரையப்பட்டது, இரண்டும் கிரேனிங்கின் முதலெழுத்துகள். கருவிழியின் புள்ளி ஒரு நூல் நகர்ந்தால் ஹோமர் வேறு ஆளாகிவிடுவார். அந்த ஒரு புள்ளியை நகர்த்தித்தான் குற்றவுணர்ச்சியையும் பசியையும் பயத்தையும் காட்டுகிறார்கள்.

முதல் படத்தை இயக்கிய டேவிட் சில்வர்மன், 1987-இல் ‘டிரேசி உல்மன்’ நிகழ்ச்சியின் இடையிடையே வந்த குறும்படங்களிலேயே இந்தக் குடும்பத்தைக் கையால் வரைந்தவர். அதனால்தான் அகலத்திரைக்கு மாறியபோதும் பாத்திரங்களின் உடல்மொழி சிதையவில்லை. ஊர்மக்கள் இரவில் தீப்பந்தங்களோடு சிம்ப்சன்ஸ் வீட்டை நோக்கி வரும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பின்வரிசையில் நிற்பவர்வரை எல்லாரும் தொடரில் எங்கேயோ வந்துபோனவர்கள். ஒவ்வொருவர் முகத்திலும் பந்தத்தின் வெளிச்சம் விழுகிறது. தொலைக்காட்சி அத்தியாயத்துக்கான நேரத்திலும் செலவிலும் அந்த நிழலை வரையவே முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் வடிவமைத்து, முதன்மைப் படங்களைத் தீட்டி, இடைப்பட்ட படங்களைச் சியோலில் உள்ள ஏகாம் நிறுவனத்துக்கு அனுப்பி முடிப்பது தொடரின் தொடக்கக்காலத்திலிருந்தே உள்ள முறை. அந்தக் கொரியக் கலைஞர்களின் பெயரை ரசிகர்கள் யாரும் சொல்வதில்லை. நான் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன்.

என் நம்பிக்கையும் அச்சமும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன. 1995-இல் ‘ஹாலோவீன்’ சிறப்பு அத்தியாயம் ஒன்றில் ஹோமரைச் சில நிமிடங்கள் முப்பரிமாணத்தில் உலவ விட்டார்கள். தட்டையான மனிதன் தவறான உலகத்தில் போய் விழுந்துவிட்டான் என்பதே அங்கே கதை என்பதால் அது அற்புதமாக அமைந்தது. படத்தை முழுக்க முப்பரிமாணத்துக்கு மாற்றிவிட்டால், அந்த விதிவிலக்கே விதியாகிவிடும். தட்டைத்தன்மை இந்தப் பாத்திரங்களின் உடல். கையால் வரைந்த கோடாகவே படம் வருமென்றால், கதை சுமாராக இருந்தாலும் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

எடிசன் ராதை:

நான் ஒன்பது வயதில் பெற்றோருடன் நியூஜெர்சிக்கு வந்தவள். இங்கே இவ்வளவு அன்போடு நடக்கும் பேச்சில் நான் நுழைவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் ஸ்பிரிங்ஃபீல்டில் நம்மைப்போல் ஒருவர் இருக்கிறார் என்பதை இதுவரை யாரும் குறிப்பிடவில்லை.

அப்புவைத்தான் சொல்லுகிறேன். குவிக்-இ-மார்ட் கடைக்காரர். சத்யஜித் ராயின் படங்களிலிருந்து பெயர் எடுத்தவர், கணினித் துறையில் முனைவர் பட்டம் பெற்றவர், எட்டுக் குழந்தைகளின் தந்தை. அவருக்கு 1990-லிருந்து குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா. நான் படித்த பள்ளியின் உணவுக்கூடத்தில், தட்டை எடுத்துக்கொண்டு நான் நடக்கும்போதெல்லாம், ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அந்தக் கடைக்காரரின் உச்சரிப்பில் ஒரு மேசையே சேர்ந்து குரல் கொடுக்கும். என் அப்பா அப்போது இரவு நேரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்துக் கல்லாவில் வேலை பார்த்தார். அவருடைய ஆங்கிலம் அப்புவின் ஆங்கிலம் மாதிரி இருக்காது. ஆனாலும் தோழிகள் வீட்டுக்கு வரும் நாளில், அப்பா கூடத்துக்கு வந்து பேசிவிடக்கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அந்த வேண்டுதலை இன்று நினைத்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

2007-இல் படம் வந்தபோது விளம்பரத்துக்காக அமெரிக்காவிலும் கனடாவிலுமாகப் பன்னிரண்டு செவன்-லெவன் கடைகளைக் குவிக்-இ-மார்ட்டாக மாற்றினார்கள். ரசிகர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். செய்தித்தாளில் அதைப் பார்த்த அப்பா பக்கத்தைத் திருப்பிவிட்டார். நானும் எதுவும் கேட்கவில்லை.

இந்திய வம்சாவளி அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு 2017-இல் இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2018-இல் தொடரில் அதற்குப் பதிலாக, படுக்கையருகே அப்புவின் படத்தை வைத்துக்கொண்டு, ஒரு காலத்தில் கைதட்டல் வாங்கியது இப்போது தவறாகிவிட்டது, என்ன செய்ய முடியும் என்று ஹோமரின் மகள் லிசாவைச் சொல்லவைத்தார்கள். தொடரிலேயே மனச்சாட்சி மிகுந்த பெண் அவள். அவள் வாயால் அதைச் சொல்லவைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அசாரியா 2020-இல் அந்தக் குரலைக் கைவிட்டார், மறுஆண்டு மன்னிப்பும் கேட்டார். அவரை நான் மதிக்கிறேன். கறுப்பினப் பாத்திரங்களான கார்லுக்கு 2020-லிருந்தும் டாக்டர் ஹிப்பர்ட்டுக்கு 2021-லிருந்தும் கறுப்பின நடிகர்கள் குரல் தருகிறார்கள். அப்பு மட்டும் கூட்டத்தின் நடுவே வாய் பேசாமல் நிற்கிறார்.

இரண்டாவது படத்திடம் நான் எதிர்பார்ப்பது இதுதான்: அப்பு பேசவேண்டும். தெற்காசியர் ஒருவரின் குரலில், கேலிக்கு உரியவராக இல்லாமல், அந்த ஊரின் குடிமகனாகப் பேசவேண்டும்.

நெய்தல்நிலவன்:

ராதை அக்கா எழுதியதைப் படித்த பிறகு நான் முதல் பதிவைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குடும்பத்தின் கவலை எனக்குப் புரிந்தது என்று எழுதியிருந்தேன். தூத்துக்குடியில் இருந்து பார்த்தபோது அப்பு எனக்கு ஒரு பெருமையாகத்தான் தெரிந்தார், அமெரிக்கத் தொடரில் பிள்ளையார் சிலையோடு ஒருவர் இருக்கிறார் என்ற மகிழ்ச்சி. அவரைக் காட்டி யாரும் என்னைக் கேலி செய்யாத ஊரில் நான் இருந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆயினும் அப்பு பாத்திரம் முழுவதையும் கேலி என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. 1996-இல் வந்த அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 1994-இல் குடியேறிகளுக்கு எதிராகக் கொண்டுவந்த 187-ஆவது முன்மொழிவைத் தாக்கி எழுதப்பட்டது அது. நாடுகடத்தப்படும் அச்சத்தில் போலி ஆவணம் வாங்கும் அப்பு, தொப்பி அணிந்து அமெரிக்கரைப்போல் பேசிப் பழகுகிறார். பிறகு பிள்ளையார் சிலையின் முன் நின்று, பெற்றோர் தந்த அடையாளத்தை உதறிவிட்டேனே என்று உடைந்துபோகிறார். பின்னர் முறையாகக் குடியுரிமைத் தேர்வுக்குப் போகிறார். உள்நாட்டுப் போரின் காரணம் என்னவென்று கேட்டதும் பொருளாதாரக் காரணங்கள் உட்பட விரிவாக விளக்கத் தொடங்குகிறார். தேர்வு நடத்துபவரோ, அடிமைமுறை என்று மட்டும் சொன்னால் போதும் என்று இடைமறிக்கிறார். அந்த அறையில் அந்த நாட்டின் வரலாற்றை மிகுதியாக அறிந்தவர் குடியுரிமை கேட்டு நிற்பவர்தான். இவ்வளவு நுட்பமாக எழுதப்பட்ட பாத்திரத்தை வாயடைத்து நிறுத்துவதில் எனக்கும் உடன்பாடில்லை.

எடிசன் ராதை:

தம்பி, அந்த அத்தியாயம் எனக்கும் பிடிக்கும். பள்ளி உணவுக்கூடத்தில் எந்தப் பையனும் அந்தக் காட்சியை நடித்துக் காட்டவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. எழுத்தில் ஆழம் இருந்தது. ஆனால் வெளியே போய்ச் சேர்ந்தது உச்சரிப்பு மட்டும்தான். எழுதியவர்கள் நல்லவர்கள் என்பதால் கேட்டவளுக்கு வலி குறைந்துவிடவில்லை.

செங்கோட்டை வாசகன்:

அப்பு விஷயத்தில் நான் முழுக்க ராதை அம்மாவின் பக்கம். கவனித்தீர்களா, நான் தேடிய ‘திரும்பாத மாற்றம்’ அங்கே உண்மையிலேயே நடந்திருக்கிறது. ஒரு குரல் போய்விட்டது, அது பழையபடி திரும்பப் போவதில்லை. அதை எதிர்கொள்ளும் துணிவு படத்துக்கு இருக்குமானால் என் மறுப்பில் பாதி குறைந்துவிடும். இருக்குமென்று நம்ப எனக்குத் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அறிவிப்போடு வந்த விளம்பரப் படத்தில் ஹோமர் இளஞ்சிவப்பு டோனட்டை நோக்கிக் கை நீட்டுகிறார், அவ்வளவுதான்.

வணிகத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் படம் ஏறத்தாழ 7.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகம் முழுவதும் 53 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அன்று வீட்டிலிருந்தபடி மொத்தத் தொடரையும் பார்க்கும் வசதி எவரிடமும் இல்லை. 2022-இல் அதே டிஸ்னி வெளியிட்ட ‘பாப்ஸ் பர்கர்ஸ்’ தொடரின் திரைப்படம், பார்த்தவர்கள் பாராட்டியும் ஏறக்குறைய 3.4 கோடி டாலரோடு நின்றுவிட்டது. ரசிகர்கள் அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

தேன்மொழி:

அந்தப் படம் வந்தபோது பெருந்தொற்றின் அச்சம் முழுமையாக விலகவில்லை, ஐயா. அதோடு பாப்பின் கடையை அறிந்தவர்களைவிட ஹோமரை அறிந்தவர்கள் உலகில் பல மடங்கு அதிகம். வசூலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, குரலைப் பற்றித்தான் கவலை. அதற்கு ஜப்பானிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

டோரேமானுக்கு 1980 முதல் ஏறத்தாழ ஆண்டுக்கொரு திரைப்படம் வருகிறது. 1979 முதல் டோரேமானின் குரலாக இருந்தவர் நொபுயோ ஒயாமா. 2005-இல் அவர் உட்பட முதன்மைக் குரல் கலைஞர்கள் அனைவரும் ஒன்றாக விலகிப் புதியவர்களுக்கு வழிவிட்டார்கள். மறுஆண்டே முதல் திரைப்படத்தின் கதையைப் புதிய குரல்களில் மீண்டும் எடுத்தார்கள். ரசிகர்கள் வருந்தினார்கள், ஆனால் விட்டுவிடவில்லை. இன்னொன்றும் உண்டு: தொடரில் நொபிட்டாவை எந்நேரமும் அடிக்கும் ஜியான், திரைப்படங்களில் மட்டும் நண்பனுக்காக உயிரையும் கொடுக்கத் துணிவான். படம் முடிந்ததும் தொடரில் பழைய முரடனாகிவிடுவான். அதை எவரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. அவனுக்குள் அந்த மனம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அடுத்த வாரம் அவன் அடிக்கும்போதும் நாம் அவனை வேறு கண்ணோடு பார்க்கிறோம். மார்ஜின் நாடாவும் எனக்கு அப்படித்தான். ஊர் பழையபடி ஆகிவிட்டது என்பதால் அவள் ஒருநாள் கிளம்பிப் போனவள் என்பது இல்லாமல் போய்விடாது.

கோட்டோவியன்:

ஜியானைப் பற்றி தேன்மொழி சொன்னது எனக்குப் புதிது. ஆனால் ஒயாமாவின் கதையை அப்படியே மார்ஜுக்குப் பொருத்த முடியாது. டோரேமான் ஓர் இயந்திரப் பூனை. மார்ஜின் கரகரப்பான குரலோ கேவ்னரின் சொந்தத் தொண்டையிலிருந்து வருவது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளுடைய வாயசைவையே வரைகிறார்கள். முதலில் குரல், பிறகுதான் கோடு. குரல் தளர்ந்தால் கோடும் தளர்ந்துதான் ஆகவேண்டும், நல்ல கலைஞர் அதை மறைக்கமாட்டார்.

செங்கோட்டை வாசகன்:

லாரியின் அத்தியாயத்தைப் பார்த்துவிட்டேன், தேன்மொழி. நான் விட்டுப்போன தொடர் இது அல்ல, இன்னும் மெதுவாக நடக்கும் வேறொன்று. இவ்வளவு நாள் பாராமல் இருந்தது என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

நேற்றிரவு கோட்டோவியன் எழுதியதைப் படித்த பிறகு இன்னொன்றும் செய்தேன். முதல் படத்தின் நாடாக் காட்சியை மீண்டும் போட்டுப் பார்த்தேன். உடனே நீங்கள் சொன்ன பிறந்தநாள் அத்தியாயத்தையும் பார்த்தேன். நாடாக் காட்சியில் கேவ்னரின் குரல் உடைவது நடிப்பு. எந்தச் சொல்லில் தயங்கவேண்டும், எதை விழுங்கவேண்டும் என்று தேர்ந்து பேசுகிறார். 2024-இல் அந்தக் குரல் தானாகவே உடைகிறது. எந்தச் சொல்லில் என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. இந்த இரண்டையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டவனுக்கு, படம் வேண்டும் என்று சொல்ல நா எழவில்லை. வேண்டாம் என்றும் முன்புபோல் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தளர்ச்சியை மறைக்காமல், அதற்கு இடம் கொடுத்து ஒரு காட்சியை எழுதுவார்களானால் அதை நான் கேட்க விரும்புவேன்.

முதல் நாள் நான் போகப்போவதில்லை. தேன்மொழி, நீங்கள் கட்டாயம் போவீர்கள். கதையைச் சொல்ல வேண்டாம், வசூலையும் சொல்ல வேண்டாம். மார்ஜ் எப்படிப் பேசினாள், அப்பு பேசினாரா என்ற இரண்டை மட்டும் இந்தத் திரியில் வந்து எழுதுங்கள்.

தேன்மொழி:

எழுதுகிறேன், ஐயா.